மாத்திரை அட்டையின் பின்பக்கம்: சளி, இருமல் மருந்துகள் பற்றி வாசகர்கள் கேட்டவை

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் சென்னையில் இருமல் சத்தம் கேட்காத வீடு அரிது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை, மருத்துவரிடம் போகாமல் தெருமுனை மருந்துக்கடையில் வாங்கும் சளி, இருமல் மருந்துகளைப் பற்றியவை. அவற்றைப் படித்தபோது, பெரும்பாலான தொல்லைகள் ஒரே இடத்தில் தொடங்குவதைக் கண்டேன். பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் உள்ள பெயரைச் சொல்லி வாங்குகிறோம். உள்ளே இருப்பது என்ன மருந்து என்று பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படிப்பதில்லை.

என் மாமியாருக்கு வயது 68. பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். சளியுடன் காய்ச்சல் வந்ததால், காய்ச்சலுக்கு 650 மில்லிகிராம் மாத்திரை நான்கு வேளையும், சளிக்கென்று கடையில் கொடுத்த மாத்திரை மூன்று வேளையும் கொடுத்தோம். இரண்டாம் நாள் இரவு கழிப்பறைக்கு எழுந்து போனவர் தலைசுற்றி விழப் பார்த்தார். பிரஷரும் ஏறியிருந்தது. இரண்டுமே சாதாரண மாத்திரைகள்தானே?
– வாசகி, மடிப்பாக்கம்

சாதாரண மாத்திரைகள்தாம், அம்மா. ஆனால் இரண்டிலும் ஒரே மருந்து இருந்திருக்கிறது. நீங்கள் கடிதத்துடன் அனுப்பியிருந்த அட்டையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சளி மாத்திரை ஒவ்வொன்றிலும் பாராசிட்டமால் 500 மில்லிகிராம், ஃபினைலெஃப்ரின் 10 மில்லிகிராம், குளோர்ஃபெனிரமின் 2 மில்லிகிராம் என்று அச்சிட்டிருக்கிறது. காய்ச்சல் மாத்திரையில் இருப்பதும் பாராசிட்டமால்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 650 வீதம் நான்கு வேளை 2,600. 500 வீதம் மூன்று வேளை 1,500. ஆக 4,100 மில்லிகிராம். உடல்நலமுள்ள பெரியவர் ஒருவரே ஒரு நாளில் 4,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வயதானவர்கள், உடல் எடை குறைந்தவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், மது அருந்துபவர்கள் ஆகியோருக்கு அந்த எல்லை இன்னும் கீழே இருக்கிறது. அளவு மீறும் பாராசிட்டமால் கல்லீரலைத் தாக்கும். தாக்கும்போது முதல் நாளில் வெளியே ஒன்றும் தெரியாமலும் போகலாம். அதனால் ஈரல் செயல்பாட்டுக்கான ரத்தப் பரிசோதனை ஒன்றை உடனே எடுத்துவிடுங்கள்.

பிரஷர் ஏறியதற்கு ஃபினைலெஃப்ரின் காரணமாக இருக்கலாம். ரத்தக் குழாய்களைச் சுருக்கி மூக்கடைப்பைக் குறைப்பதற்காக அதைச் சேர்க்கிறார்கள். மூக்கில் உள்ள குழாய்களை மட்டும் தேடிப்போய்ச் சுருக்க அதற்குத் தெரியாது. விழுங்கும் மாத்திரையாகச் சாப்பிடும்போது அது மூக்கடைப்பைக் குறைப்பதாகச் சான்றில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாக முடிவு சொன்னது. பயன் இந்த அளவில் இருக்கும்போது, பிரஷர் உள்ளவர் அதன் தீங்கைச் சுமக்க வேண்டிய அவசியமே இல்லை. தலைசுற்றலுக்குப் பெரும்பாலும் குளோர்ஃபெனிரமின்தான் பொறுப்பு. அது மூக்கு ஒழுகுவதைக் குறைக்கும். கூடவே தூக்கத்தையும் வாய் உலர்தலையும் கொண்டுவரும். முதியவர்களுக்கு நடை தடுமாறும், மனம் குழம்பும். புராஸ்டேட் வீங்கிய ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளவும் கூடும். கண்ணில் நீர் அழுத்த நோயான கிளாக்கோமா உள்ளவர்கள் சிலருக்கும் அது ஆகாது.

இனி என்ன வாங்குவது? தொந்தரவைப் பிரித்துப் பார்த்து, எது அதிகம் வருத்துகிறதோ அதற்கு மட்டும், ஒரே ஒரு மருந்து உள்ள மாத்திரையாக வாங்குங்கள். காய்ச்சலும் உடம்பு வலியும் என்றால் பாராசிட்டமால் மட்டும் போதும். மேலே சொன்ன காரணங்களால் உங்கள் மாமியாருக்கு 500 மில்லிகிராமே போதுமானது, இரண்டு வேளைகளுக்கு நடுவில் ஆறு மணி நேரமாவது இருக்கட்டும். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து இருக்கிறது. அதற்கும் பிரஷருக்கும் சம்பந்தமில்லை. இருமல் சிரப் தேவைப்பட்டால் சர்க்கரை சேர்க்காததா என்று கேட்டு வாங்குங்கள். ‘சளி மாத்திரை ஒன்று கொடுங்கள்’ என்று கேட்பதற்குப் பதிலாக, ‘பிரஷர், சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர், 68 வயது’ என்று முதலில் சொல்லிவிட்டுக் கேட்டால், கடையில் இருக்கும் மருந்தாளுநர் எடுத்துக் கொடுப்பதே மாறிவிடும். மாமியார் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டரை வயது மகளுக்கு இரவெல்லாம் இருமல். ஏழு வயது மகனுக்குச் சென்ற மாதம் மருத்துவர் எழுதிக்கொடுத்த சிரப் குளிர்பெட்டியில் பாதி மீதம் இருக்கிறது. அதையே அளவைக் குறைத்துக் கொடுக்கலாம் என்கிறார் என் அம்மா. கொடுக்கலாமா?
– வாசகர், பெரம்பூர்

கொடுக்கவே கூடாது. உங்கள் அம்மா அன்பினால்தான் சொல்கிறார் என்று எனக்குப் புரிகிறது. எனினும் பெரிய பிள்ளைக்கு முழு மூடி, சின்னப் பிள்ளைக்கு அரை மூடி என்னும் கணக்கு மருந்து விஷயத்தில் செல்லாது. குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த கூட்டு மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று லேபிளிலேயே எச்சரிக்கை அச்சிட வேண்டும் என 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமையகம் உத்தரவிட்டது. 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரப் பணிகள் இயக்ககம், இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவும் கொடுக்கவும் கூடாது என்றும், ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பொதுவாகவே அவை பரிந்துரைக்கத் தக்கவை அல்ல என்றும் அறிவுறுத்தியது.

அந்த அறிவுறுத்தலின் பின்னணி நம் எல்லோருக்கும் நினைவிருக்க வேண்டியது. மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து அடுத்தடுத்து இறந்தார்கள். அந்த சிரப் தயாரானது நமக்குப் பக்கத்தில், காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எடுத்த மாதிரியில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் தொழிற்சாலை நஞ்சு 48.6 சதவீதம் இருந்தது; அனுமதிக்கப்படும் அளவு 0.1 சதவீதம்தான். சிரப்பில் மருந்தைக் கரைத்து இனிப்பாக வைத்திருக்கும் கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால் போன்ற திரவங்களைத் தரம் பார்க்காமல் வாங்கும்போது இந்த நஞ்சு நுழைந்துவிடுகிறது. 1937-ல் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்ததும் இதனால்தான்; 1972-ல் நம் சென்னையிலேயே குழந்தைகள் இறந்ததும் இதனால்தான். நிறத்தையோ மணத்தையோ சுவையையோ வைத்து வீட்டில் இதைக் கண்டுபிடிக்க எந்த வழியும் இல்லை. நம் கையில் இருப்பது, தேவையில்லாத சிரப்பைக் குழந்தைக்குக் கொடுக்காமல் இருப்பது. மருத்துவர் எழுதிக் கொடுத்து வாங்கும்போது தொகுதி எண் அச்சிட்ட ரசீதைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துவது. எந்த மருந்து கொடுத்த பிறகும் குழந்தை சிறுநீர் கழிப்பது குறைந்தாலோ நின்றாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். பாட்டிலையும் எடுத்துப் போங்கள்.

காய்ச்சல் மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பயிற்சி மருத்துவனாக நான் குழந்தைகள் பிரிவில் இரவுப் பணியில் இருந்தபோது, எட்டு கிலோ எடையுள்ள குழந்தை ஒன்றை வாந்தியுடன் கொண்டுவந்தார்கள். தாயின் கையில் கட்டை விரல் உயரத்தில் ஒரு பாராசிட்டமால் சொட்டு மருந்து பாட்டில் இருந்தது. அது ஏறக்குறையக் காலி. அதனுடன் வந்த துளிக்குழாய் உடைந்துவிட்டதால், வேறொரு சிரப்பின் மூடியால் ஒரு மூடி, அதாவது 5 மில்லி வீதம், மூன்று வேளை ஊற்றியிருக்கிறார். குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சிரப்பில் 5 மில்லிக்குத்தான் 120 அல்லது 125 மில்லிகிராம் இருக்கும் (250 உள்ளதும் உண்டு). சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கிறது. எட்டு கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 80 முதல் 120 மில்லிகிராம் வரை போதும் என்ற இடத்தில் 500 மில்லிகிராம் போயிருந்தது. மாற்று மருந்து கொடுத்து நான்கு நாள் காத்திருந்தோம், குழந்தை பிழைத்தது. சொட்டு மருந்து சிறிய பாட்டிலில் வருவதால் அது வலுக் குறைந்தது என்று அந்தத் தாய் நம்பியிருந்தார். யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அதனால் எந்தப் பாட்டிலுடன் எந்த அளவுக்குழாய் வந்ததோ அதைக் கொண்டே அந்த மருந்தை அளந்து கொடுங்கள். பாலாடையும் சமையலறைக் கரண்டியும் வேண்டாம்.

உங்கள் மகளுக்கு இப்போது செய்யக்கூடியவை உண்டு. மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விடுங்கள். குடிக்க வெதுவெதுப்பாக அடிக்கடி கொடுங்கள். படுக்கும் முன் அரைத் தேக்கரண்டி தேன் கொடுங்கள். தேன் இருமலைத் தணிக்கும் என்பதற்குச் சான்று இருக்கிறது. ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தடவவும் கூடாது. குடலில் நஞ்சை உண்டாக்கும் பொட்டுலிசம் வர வாய்ப்பு உண்டு. தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி மார்பில் தேய்க்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள். கற்பூரம் வாய் வழியாகச் சிறிதளவு போனாலும் சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரலாம்.

இருமல் எவ்வளவு சத்தமாக இருக்கிறது என்பதைவிட, மூச்சு எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம். குழந்தை தூங்கும்போது சட்டையை உயர்த்தி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். ஒன்று முதல் ஐந்து வயது வரை நிமிடத்துக்கு 40-க்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50-க்கு மேல், இரண்டு மாதம் நிறையாத சிசுவுக்கு 60-க்கு மேல் என்றால் அது நிமோனியாவாக இருக்கலாம். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், உதடு நீலம் பாரித்தாலும் விடியும் வரை காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். பெரம்பூரிலிருந்து எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை தொலைவில் இல்லை.

நான் கால் டாக்ஸி ஓட்டுகிறேன். மூக்கடைப்பு வந்தால் ராத்திரி தூக்கம் இல்லை. மூக்கில் விடும் சொட்டு மருந்தை இரண்டு மாதமாகப் பயன்படுத்துகிறேன்; இப்போது அது இல்லாமல் மூச்சே விட முடியவில்லை. மாத்திரை போட்டால் வண்டியில் கண் சொக்குகிறது.
– வாசகர், வியாசர்பாடி

நீங்கள் பயன்படுத்தும் சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்து நல்ல மருந்துதான். ஆனால் அது மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள் மருந்து. அதற்கு மேல் போனால், மருந்தின் வேகம் அடங்கியதும் மூக்கின் உட்சவ்வு முன்பைவிட அதிகமாக வீங்கிக்கொள்ளும். அந்த வீக்கத்துக்கு மறுபடி மருந்து, மறுபடி வீக்கம் என்று சுழன்றுகொண்டே போகிறது. இப்போதைய உங்கள் மூக்கடைப்புக்கு நோயைவிட மருந்தே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். முதலில் ஒரு பக்க மூக்குக்கு மட்டும் நிறுத்திவிட்டு, அது திறந்த பிறகு மறு பக்கத்தையும் நிறுத்தலாம். ஓரிரு வாரம் சிரமமாகத்தான் இருக்கும். உப்புநீர் ஸ்பிரே ஓரளவு உதவும். காது மூக்கு தொண்டை மருத்துவர் அந்த இடைவெளிக்கு வேறொரு ஸ்பிரே எழுதித் தருவார்.

கண் சொக்குவதை அலட்சியம் செய்யாதீர்கள். குளோர்ஃபெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் உள்ள எதையும் சாப்பிட்டுவிட்டு ஸ்டியரிங்கைத் தொட வேண்டாம். இரவில் போட்டதன் மந்தம் மறுநாள் காலை வரை சிலருக்கு நீடிக்கும். செட்டிரிசின் அந்த அளவுக்குத் தூக்கம் தராது என்றாலும், பலருக்குத் தருகிறது. அலர்ஜியால்தான் தும்மலும் மூக்கு ஒழுகலும் வருகின்றன என்று மருத்துவர் உறுதி செய்தால், ஃபெக்சோஃபெனடின் போன்ற தூக்கம் தராத மருந்து இருக்கிறது. மதுவுடன் இவற்றில் எதையும் சேர்க்கக் கூடாது.

ஐந்து நாள் இருமல் என்று சொன்னதும் மருந்துக்கடையில் அசித்ரோமைசின் மூன்று மாத்திரை கொடுத்தார்கள். சாப்பிடலாமா?
– வாசகி, குரோம்பேட்டை

வேண்டாம். சளி வைரஸால் வருகிறது. அசித்ரோமைசின் பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக். சீட்டு இல்லாமல் அதை விற்கச் சட்டம் இடம் தரவில்லை. அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் அது மருத்துவர் எழுதித் தர வேண்டிய மருந்து என்று பொருள். மூக்குச் சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவது மட்டும் ஆன்டிபயாட்டிக் சாப்பிடக் காரணம் ஆகாது. சாதாரணச் சளியிலும் மூன்று, நான்கு நாளில் நிறம் மாறும். ஏழு முதல் பத்து நாளில் சளி தானாகவே இறங்கிவிடும். காய்ச்சல் ஒரு முறை விட்டுவிட்டு மீண்டும் ஏறினாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.

என் கணவருக்கு மூன்று வாரமாக வறட்டு இருமல். மூன்று கம்பெனி சிரப் மாற்றியாகிவிட்டது. ஒன்று குடித்தால் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. புகைப்பழக்கம் இல்லை. நாலு மாதமாகப் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார்.
– வாசகி, கொரட்டூர்

நான்காவது சிரப் வாங்குவதற்கு முன் இருமலின் காரணத்தைத் தேடுவோம்.

இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் எந்த இருமலுக்கும் முதலில் செய்ய வேண்டியது காசநோய்க்கான பரிசோதனை. இதைச் சொன்னதும் பல குடும்பங்களில் முகம் மாறிவிடுகிறது, மாற வேண்டியதில்லை. பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளிலும் மாநகராட்சி நலவாழ்வு மையங்களிலும் இலவசம். வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிட்டாலும், சானடோரியத்தில் படுத்திருந்தவர்களுக்கு இணையாகக் குணமாகும் என்று உலகத்துக்குக் காட்டியதே 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம்தான். அதுதான் இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு சளிப் பரிசோதனைக்குக் கூச்சப்படுவது நியாயமில்லை.

அடுத்து, அவருடைய பிரஷர் மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். உட்பொருளின் பெயர் ராமிப்ரில், எனாலப்ரில் என்று ‘ப்ரில்’ என முடிகிறதா? அந்த வகை மாத்திரைகள் சிலருக்குத் தொண்டையில் கூச்சத்துடன் ஓயாத வறட்டு இருமலைக் கொடுக்கும். மாத்திரை தொடங்கிச் சில வாரங்களிலும் வரலாம், சில மாதங்கள் கழித்தும் வரலாம். எந்த சிரப்பும் அதை நிறுத்தாது. மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடாமல், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொன்னால் வேறு வகைக்கு மாற்றுவார். இவை இரண்டும் இல்லையென்றால் ஆஸ்துமா, நெஞ்செரிச்சல், மூக்கின் பின்புறமாகச் சளி இறங்குதல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

கை நடுங்க வைத்த சிரப்பில் டெர்பூட்டலின் அல்லது சால்பூட்டமால் இருக்கும். அவை மூச்சுக்குழாய் இறுக்கத்தைத் தளர்த்துபவை. வீசிங் இல்லாத இருமலுக்கு அவற்றால் பயன் கிடையாது. வறட்டு இருமலுக்கு டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன், கோழை கட்டிய இருமலுக்கு அம்ப்ராக்சால் அல்லது குவைஃபெனசின் என்பது பொதுவான பிரிவு. இருமலை அடக்குவதையும் கோழையை வெளியேற்றுவதையும் ஒரே பாட்டிலில் கலந்து விற்பது எனக்கு என்றுமே விளங்கியதில்லை. மன அழுத்தத்துக்கு எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் போன்றவற்றைச் சாப்பிடுபவர்கள் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனைத் தம் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் நடுக்கம், படபடப்பு, கடும் காய்ச்சல் என்று ஆபத்தாக முடியலாம்.

கஷாயமும் ஆவி பிடிப்பதும் இருக்கும்போது மருந்து எதற்கு?
– வாசகர், மயிலாப்பூர்

பல நேரங்களில் தேவையில்லைதான். சுக்கு, மிளகு, திப்பிலி போட்ட வெந்நீர் தொண்டைக்கு இதமாக இருக்கும். கற்பூரவல்லி, துளசிச் சாற்றுக்கும் நான் எதிரி அல்லன். ஆனால் நிலவேம்பு, ஆடாதோடை போன்றவற்றை மருந்தாகக் குடிப்பவர்கள், அவையும் மருந்துகளே என்பதை நினைவில் வைத்துச் சித்த மருத்துவரிடம் அளவு கேட்டுக் குடிக்க வேண்டும். கர்ப்பிணிகள் கேட்காமல் குடிக்கவே கூடாது.

ஆவி பிடிப்பதில் எனக்குப் பெரிய பயம் உண்டு. சென்ற மழைக்காலத்தில் ஆறு வயதுப் பையன் ஒருவனை என்னிடம் கொண்டுவந்தார்கள். தரையில் கொதிக்கக் கொதிக்க வைத்த குண்டான், மேலே போர்வை, உள்ளே மூச்சு முட்டிப் பையன் கையை உதறியதும் தண்ணீர் முழுவதும் தொடையில் கொட்டிவிட்டது. சளி மூன்று நாளில் போய்விட்டது, தழும்பு இருக்கிறது. சிறு பிள்ளைகளுக்கு ஆவி வேண்டாம். பெரியவர்கள் பிடிப்பதானால் பாத்திரத்தை மேஜைமேல் ஆடாமல் வைத்து, அடுப்பிலிருந்து இறக்கிச் சில நிமிடம் ஆறிய பிறகு பிடியுங்கள். வெறும் தண்ணீரே போதும்.

ஆறு மாதக் கர்ப்பிணி. சளியும் உடம்பு வலியும். எதையாவது சாப்பிடலாமா?
– வாசகி, அம்பத்தூர்

பாராசிட்டமால் மட்டும் உள்ள மாத்திரையை, தேவையான அளவு மட்டும், குறைந்த நாட்களுக்குச் சாப்பிடலாம். ஐபுபுரொஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம். இருபது வாரத்துக்குப் பிறகு அவை வயிற்றிலுள்ள குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். கூட்டு மாத்திரைகளும் வேண்டாம். உப்புநீரால் மூக்கைக் கழுவுவதானால் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் கலந்து செய்யுங்கள்; குழாய்த் தண்ணீரை அப்படியே எடுக்க வேண்டாம். காய்ச்சல் 100 டிகிரியைத் தாண்டினால் அன்றைக்கே உங்கள் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். மழைக்காலத்தில் சளிக் காய்ச்சல் என்று நாம் நினைப்பது டெங்குவாகவோ இன்ஃபுளுயன்சாவாகவோ இருக்கலாம், கர்ப்பிணிகளுக்கு இரண்டுமே கடுமையாக வரும்.